ஏழாவது மாடிக்குத் தண்ணி

வாங்க அம்மிணி, இப்படி உக்காருங்க. லிஃப்ட்டுக்கு சர்வீஸ்காரன் வந்திருக்கான், இன்னும் பத்துப் பதினஞ்சு நிமிஷமாச்சும் ஆகும். சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குது. அவன் மொட்டை மாடிக்குப் போயிருக்கான். ஏழு மாடி படியேறிப் போயி பூட்டுன கதவைப் பாத்துட்டு எறங்கி வரோணும்னு உங்களுக்கு என்ன தலையெழுத்து? உக்காருங்க.

7A தானுங்களே? நல்ல வீடு. காத்து அப்படி வரும். டைல்ஸ், ஜன்னல், கதவு எல்லாமே புதுசு. ஏன் எல்லாமே புதுசா இருக்குதுன்னு புரோக்கர் சொல்லியிருக்க மாட்டான். அவன் பொழப்பு அது, குத்தம் சொல்ல முடியாது. ஆனா நீங்க குடி வந்தா நாளைக்கே பால்காரன் சொல்லுவான், இஸ்திரி போடற பொம்பளை சொல்லுவா. பாதி சொல்லுவாங்க, மீதிய என்மேல சேத்துச் சொல்லுவாங்க. அதுக்கு நானே சொல்லிடறேன்.

எம்பேரு வசந்தாமணி. 3C. இந்த மேகலா ஹைட்ஸ் அசோசியேஷனுக்குப் பதினோரு வருஷம் நாந்தான் செகரட்டரி. கோயமுத்தூர்ல எத்தனையோ அபார்ட்மெண்ட் இருக்குது, போயிக் கேட்டுப் பாருங்க, பதினோரு வருஷம் ஒரே செகரட்டரி எங்காச்சும் இருந்திருக்காங்களான்னு. ஆள் கெடைக்காமயா? நொம்பப் பேரு நின்னாங்க. எல்லாரும் என்னையத்தான் வேணும்னாங்க. இந்த முன்னால இருக்கற செடியெல்லாம் நான் வெச்சது. பின்பக்கம் குப்பைய மூணு வகையாப் பிரிக்கறாங்களே, அது நான் பழக்குனது. இப்ப என்னைய வாட்ஸப் குரூப்புல இருந்தே எடுத்துட்டாங்க. ஒரு சால்வை வேண்டாம், ஒரு வார்த்தை சொல்லிட்டு எடுத்திருக்கலாமுல்லங்க? காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், குரூப்பைக் காணோம்.

சரி, சொல்றேன்.

அப்படியே மேல பாருங்க. சீலிங்ல பித்தளையில ஒரு பூ மாதிரி தொங்குதா? நடுவுல செவப்பா ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. அதுதான் ஸ்பிரிங்ளர். தீப்பிடிச்சு சூடு ஏறுச்சுன்னா அந்தக் குப்பி வெடிக்கும், குழாய்ல இருக்கற தண்ணி குடை மாதிரி விரிஞ்சு கொட்டும். இத்தனை ஒசரத்துக்குக் கட்டடம் கட்டுனா இது இருந்தே தீரோணும்னு ரூல். ஒவ்வொரு வீட்டு ஹால்லயும் இருக்குது, வராண்டாவுலயும் இருக்குது. கட்டுனவன் போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டான். எட்டு வருஷம் அது தொங்குச்சு. ஒட்டடை அடிக்கறதுக்கு இடைஞ்சல், அவ்வளவுதான். அதால ஒரு பிரயோஜனம் கண்டவங்க இங்க யாருமில்ல.

பொறவு எம்பொண்ணு சிந்துஜாவுக்கு நிச்சயம் வந்துச்சு. மண்டபம் வேண்டாம், வீட்டுலயே பண்ணலாம்னு எங்கூட்டுக்காரர் சொன்னாரு. அவரு மோட்டார் பம்ப் பட்டறை வெச்சிருந்தவரு, எதையும் கச்சிதமாப் பண்ணோணும். டெகரேஷன்காரன் பூச்சரத்தை எடுத்துட்டு வந்து எதுல கட்டறதுன்னு முழிச்சான். நாந்தான், 'அதோ மேல கொக்கி மாதிரி ஒண்ணு இருக்குது பாரு, அதுல கட்டு'ன்னேன். அவனுக்குத் தெரிய வேண்டாமுங்களா? அது அவன் தொழில்தானே? கட்டுனான். நாலு பக்கமும் சரத்தை இழுத்துக் கட்டுனான். நல்லாத்தான் இருந்துச்சு.

மாப்பிள்ளை வீட்டுல இருந்து முப்பது பேரு வந்தாங்க. தாம்பாளத்தைக் கையில எடுக்கறாங்க, மேல டப்புனு ஒரு சத்தம், சரம் இழுத்த இழுப்புல குப்பி உடைஞ்சிருச்சு. தண்ணின்னா தண்ணியா அது! எட்டு வருஷம் குழாய்க்குள்ளயே கெடந்த தண்ணி. கன்னங்கரேல்னு, சாக்கடை நாத்தம். எம்பொண்ணு மாம்பழக் கலர்ல பட்டுக் கட்டியிருந்தா. தலையில இருந்து கால் வரைக்கும் கறுப்பு. அவளோட வருங்கால மாமியார் மூக்கைப் பொத்திட்டு வாசலுக்கு ஓடறாங்க. அவங்க சைடுல ஒரு அத்தை, 'இதென்ன சகுனம்'னு கேட்டுச்சு. எல்லார் காதுலயும் விழற மாதிரி. கால் மணி நேரம் கொட்டுச்சுங்க. எங்க நிறுத்தறதுன்னு யாருக்கும் தெரியல. பம்ப் ஆபரேட்டர் ஆறுச்சாமி கீழ பம்ப் ரூமுக்கு ஓடி ஒவ்வொரு வால்வாத் திருகிப் பாத்து, கடைசியா அதைக் கண்டுபிடிச்சு சாத்துனான்.

அன்னைக்குச் சாத்துனதுதான்.

கல்யாணம் நடந்துச்சு, ஒண்ணும் குறையில்ல, அவ மஸ்கட்ல இருக்கறா. ஆனா இன்னைக்கும் அவங்க வீட்டுல ஏதாச்சும் விசேஷம்னா அந்தத் தண்ணிக் கதைய எடுத்துச் சிரிக்கறாங்களாம். சிந்துஜாவே போன்ல சொல்லுவா.

இதுக்காக நான் சாத்துனேன்னு பேசறாங்க பாருங்க, அது தப்பு. கமிட்டியில வெச்சுத்தான் முடிவு பண்ணுனோம். மினிட்ஸ் புக்குல இருக்குது. 5D-யில சீலிங்ல ஈரம் கசியுதுன்னு கம்ப்ளெயிண்ட் இருந்துச்சு. 8B-யில மர வேலை பண்ணியிருந்தாங்க, அவங்களுக்கும் பயம். எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. 'எப்பவாச்சும் தீப்பிடிச்சா ஆறுச்சாமி ஓடிப் போயித் தொறந்துட்டாப் போச்சு, ரெண்டு நிமிஷ வேலை'ன்னு எல்லாரும் ஒத்துக்கிட்டதுதான். குழாய்ல இருந்த தண்ணியையும் வடிச்சுட்டோம்.

அந்த வால்வுல ஒரு சங்கிலி இருக்கும். யாரும் தெரியாம மூடிடக் கூடாதுன்னு, தொறந்த வாக்குலயே வெச்சுப் பூட்டறதுக்குன்னு கம்பெனிக்காரன் குடுத்தது. நாங்க அதே சங்கிலியில சாத்துன வாக்குல பூட்டுனோம். புதுச் சங்கிலி வாங்கல. வீண் செலவு ஒண்ணும் பண்ணல.

வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்க ஆபீசர் வருவாரு. அவர் வர்றதுக்கு மொத நாள் தொறந்து வெச்சுருவோம். வந்து பாப்பாரு. பம்ப் போடச் சொல்லுவாரு, ஓடும். பிரஷர் மீட்டர்ல முள்ளு சரியா நிக்கும். டெஸ்ட் பைப்பைத் திருகச் சொல்லுவாரு, தண்ணி பீச்சும். 'மேடம், உங்க பில்டிங் மாதிரி பராமரிப்பு நான் பாத்ததில்ல'ன்னு ஒரு தடவை சொன்னாரு. அவர் மேல ஒரு குத்தமும் இல்ல, நல்ல மனுஷன். அவர் வண்டி கேட்டைத் தாண்டுனதும் ஆறுச்சாமி போயிச் சாத்திருவான். வடிச்சுருவான். நான் பூட்டிருவேன். சாவி எங்கூட்டு சாமி ரூம்ல ஆணியில தொங்கும்.

டீச்சர் வந்தது அதுக்குப் பொறவுதான். ஃபிலோமினா டீச்சர். திண்டுக்கல் பக்கம். பிசிக்ஸ் டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க, கல்யாணம் பண்ணிக்கல. தம்பிய வெச்சுக் காப்பாத்திட்டிருந்தாங்க. தம்பி ஜெரோம். அவருக்கு முப்பது வயசுல பைக் ஆக்சிடெண்ட், இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்ல. சக்கர நாற்காலி. நான் பாக்கறப்ப நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது இருக்கும். ஆளு நல்ல கலகலப்பு. மிக்ஸி, ரேடியோ, போனு எதைக் குடுத்தாலும் மடியில வெச்சுப் பிரிச்சு சரி பண்ணிருவாரு. எங்கூட்டு மிக்ஸிய மூணு தடவை பண்ணிக் குடுத்தாரு. 'செகரட்டரி அக்கா, ஜார்ல தேங்காயைப் போடுங்க, முழு வீட்டையும் போடாதீங்க'ம்பாரு. நான் நொம்பச் சிரிப்பேன்.

டீச்சர் அப்படியில்ல. குடி வந்த மூணாவது நாளே பம்ப் ரூமுக்குப் போயிட்டாங்க. யாரு போவாங்க அங்க? ஒரு பொம்பளை, குடி வந்த மூணாவது நாள், பால் காய்ச்சுன பாத்திரம் கழுவியிருக்க மாட்டாங்க, பம்ப் ரூமுக்குப் போறாங்க. நேரா எங்கூட்டுக் கதவைத் தட்டி, 'அக்கா, மீட்டர்ல முள்ளு சைபர்ல நிக்குது. வால்வு மூடிப் பூட்டியிருக்கு. யாரோ தெரியாம மாத்திப் பூட்டிட்டாங்க போல'ன்னாங்க.

'தெரியாம இல்லீங்க டீச்சர், தெரிஞ்சுதான்'னேன்.

அவங்க மூஞ்சியப் பாக்கோணுமே. கணக்கைத் தப்பாப் போட்ட பிள்ளையப் பாக்கற மாதிரி என்னையப் பாத்தாங்க. எனக்கு அங்கதான் கோபம். நான் இந்தக் கட்டடத்துல செங்கல் வெச்ச நாள்ல இருந்து இருக்கறவ.

பொறவு கடுதாசி எழுத ஆரம்பிச்சாங்க. மாசத்துக்கொண்ணு. நல்ல கையெழுத்து, மணி மணியா இருக்கும். ரூல் இப்படி, சட்டம் இப்படி, தண்ணி இல்லாத ஸ்பிரிங்ளர் வெறும் அலங்காரம், அப்படி இப்படின்னு. மொத்தம் ஏழு. ஒண்ணைக்கூட நான் கிழிச்சுப் போடல. ஏழையும் தேதிப்படி ஃபைல் பண்ணி, 'வரப்பெற்றது'ன்னு சீல் வெச்சு வெச்சிருக்கேன். பொறவு போலீஸ் கேட்டப்ப எடுத்துக் குடுத்தேன். வேற செகரட்டரியா இருந்தா குடுத்திருப்பாங்களா?

ஜெனரல் பாடி மீட்டிங் போட்டோம். கீழ பார்க்கிங்லதான், இங்கயே, சேர் போட்டு. முப்பத்தாறு வீட்டுல முப்பது வீடு வந்துச்சு. டீச்சர் எந்திரிச்சு நின்னாங்க.

'ஒரே ஒரு கேள்விதான். தீப்பிடிச்சா நீங்கல்லாம் என்ன செய்வீங்க?'

'படியில எறங்கி ஓடிருவோம்'னு முன்னால இருந்த ஒருத்தர் சொன்னாரு.

'என் தம்பி?'

சொன்னவரு குனிஞ்சு செருப்பை மாட்டிக்கிட்டாரு.

'லிஃப்ட் அந்த நேரத்துல ஓடாது. அவனைக் கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு மாத்தத்தான் என்னால முடியும். ஏழு மாடி தூக்கிட்டு இறங்க முடியாது. உங்களுக்குப் படி இருக்கு. எங்களுக்கு அந்தத் தண்ணிதான் படி. அதைப் பூட்டிடாதீங்க'ன்னாங்க.

நல்லாத்தான் பேசுனாங்க, நான் இல்லைங்கல. ஆனா அதோட உக்காந்திருக்கலாம். குப்பி எத்தனை டிகிரியில வெடிக்கும், தண்ணி எவ்வளவு அகலத்துக்கு விழும், புகை எவ்வளவு நேரத்துல ஆளைக் கொல்லும்னு சொல்லிட்டே போறாங்க. சனங்க நெளியறாங்க. கொசு கடிக்குது. அப்ப நான், 'டீச்சர், பெல் அடிச்சாச்சு, கிளாஸ் முடிஞ்சுது'ன்னேன்.

எல்லாரும் சிரிச்சாங்க. பின்னால சக்கர நாற்காலியில உக்காந்துட்டு ஜெரோமும் சிரிச்சாரு. நான் பாத்தேன். அதனால நான் புண்படுத்திட்டேன்னு யாரும் சொல்ல முடியாது.

கை தூக்கச் சொன்னோம். இருபத்தொம்பது கை சாத்தியே இருக்கட்டும்னு. ஒரு கை வேண்டாம்னு. முறைப்படி நடந்துச்சு.

டீச்சர் அதுக்குப் பொறவு எழுதல. மாடிப்படியில பாத்தா 'வணக்கம்க்கா'ம்பாங்க, போயிருவாங்க. வேற வீடு பாக்கறாங்கன்னு ஜெரோம்தான் சொன்னாரு. சக்கர நாற்காலிக்குத் தோதா, கீழ் வீடா, கெடைக்கல. சொந்த வீட்டை வித்துட்டுப் போறது லேசா?

அது நடந்தது ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. மணி பத்து இருக்கும். டீச்சர் சர்ச்சுக்கு, பூசைக்குப் போயிருந்தாங்க. எதுத்த வீடு 7B காரங்க காங்கேயத்துல ஒரு கல்யாணம்னு மொத நாளே கெளம்பிட்டாங்க. ஹால்ல இன்வெர்ட்டர் வெச்சிருந்தாங்க, பக்கத்துல திரைச்சீலை, சோபா. அதுல இருந்துதான் பிடிச்சுதுன்னு பொறவு சொன்னாங்க. பூட்டுன வீடு, யாருக்குத் தெரியும்? கதவு எரிஞ்சு வராண்டாவுக்குத் தீ வந்த பொறவுதான் மேல எட்டுல இருந்து சத்தம் போட்டாங்க.

நான் அப்ப தோட்டத்துல செடிக்கு உரம் போட்டுட்டிருந்தேன். அண்ணாந்து பாத்தா ஏழாவது மாடி ஜன்னல்ல இருந்து கறுப்புப் புகை. எல்லாரும் எறங்கி ஓடி வர்றாங்க. எட்டு, ஒம்பதுல இருந்தவங்க மொட்டை மாடிக்கு ஏறிட்டாங்க. நாந்தான் ஃபயர் சர்வீசுக்குப் போன் பண்ணுனேன். நாந்தான் கேட்டைத் தொறந்து வைக்கச் சொன்னேன், வண்டியெல்லாம் எடுக்கச் சொன்னேன். அந்த நேரத்துல யாருக்கு மூளை வேலை செஞ்சுது? எனக்குத்தான்.

ஆறுச்சாமி ஓடி வந்தான். 'அம்மா, பூட்டுச் சாவிங்கம்மா, வால்வுப் பூட்டுச் சாவி'ன்னான்.

'இரு, கொண்டாரேன்'னு சொல்லிட்டு மாடிக்கு ஓடுனேன். மூணாவது மாடிதானே, அங்க புகையில்ல. இந்த மூட்டு வலியோட ஓடுனேன்.

இதைக் கேளுங்க அம்மிணி. இதை நான் கோர்ட்டுல சொல்லல, வக்கீல் வேண்டாம்னுட்டாரு. படியேறும்போது எனக்கு என்ன தோணுச்சுன்னா, ஃபயர் ஆபீசர் வந்ததும் மொதல்ல லைசென்ஸ் எங்க, மினிட்ஸ் எங்கன்னு கேப்பாருன்னு. செகரட்டரி நான், கையில பேப்பர் இல்லாம நிக்கக் கூடாதுல்லங்க? பதினோரு வருஷப் பழக்கம். வீட்டுக்குள்ள போனதும் பீரோவைத் தொறந்து ஃபைலைத் தேடுனேன். லைசென்ஸ் ஃபைல் கெடைச்சுது. மினிட்ஸ் புக்கு கெடைக்கல. தேடிட்டிருக்கறேன், போன் அடிக்குது.

ஜெரோம்.

'செகரட்டரி அக்கா, கதவுக்கு வெளிய தீ. கதவு எரியுது'ன்னாரு.

'தம்பி, ஃபயர் வண்டி வந்துட்டே இருக்குது, பயப்படாதீங்க'ன்னேன்.

'நான் நாற்காலியில இருந்து கீழ எறங்கிட்டேன். கீழ கொஞ்சம் மூச்சு விட முடியுது'ன்னாரு. இருமுனாரு. நொம்ப நேரம் இருமுனாரு. பொறவு, 'அக்கா, மேல குப்பி வெடிச்சிருச்சு. வெடிச்ச சத்தம் கேட்டுது. தண்ணி வரல'ன்னாரு.

நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க?

'வருது தம்பி. தொறந்துட்டாங்க. இப்ப வந்துரும்'னேன்.

'சரிங்க்கா'ன்னாரு.

அவ்வளவுதான். அப்படியே நம்பிட்டாரு. போனை வைக்கல. இருமற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. நாந்தான் கட் பண்ணுனேன். வேற யாராச்சும் கூப்பிடுவாங்கல்லங்க, லைன் பிசியா இருக்கக் கூடாதுல்ல.

மினிட்ஸ் புக்கு தலகாணிக்குக் கீழ இருந்துச்சு. எடுத்துட்டு, கதவைப் பூட்டிட்டு கீழ வந்தேன். ஆறுச்சாமி கையை நீட்டுனான். நான் ஃபைலை நெஞ்சோட பிடிச்சுட்டு நிக்கறேன். அவன் என் கையவும் ஃபைலவும் பாத்தான். 'சாவிங்கம்மா?'ன்னான்.

அப்பத்தான் எனக்கு நெனப்பே வந்துச்சு.

திரும்பி ஓடுனான். பம்ப் ரூம்ல இரும்பு ராடை வெச்சு அந்தச் சங்கிலிய அடிக்கற சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு. நல்ல சங்கிலி. கம்பெனிக்காரன் குடுத்ததாச்சே. எங்கூட்டுக்காரர் இன்னொரு பக்கம் 'வீட்டுச் சாவிய வாங்கிட்டு ஓடு, பூட்டுச் சாவி சாமி ரூம்ல தொங்குது'ன்னு வாட்ச்மேனை மாடிக்கு அனுப்பறாரு. நாலாவது மாடிப் பசங்க ரெண்டு பேரு ஈரத்துண்டைக் கட்டிட்டு மேல போனாங்க. ஆறாவது மாடிக்கு மேல போக முடியல, திரும்பிட்டாங்க. ஒருத்தன் படியிலயே உக்காந்து அழுதான். அவனுக்கு மொபைல் சரி பண்ணச் சொல்லிக் குடுத்தது ஜெரோம்தான்.

சங்கிலி உடைஞ்சு தண்ணி தொறந்ததும் ஃபயர் வண்டி கேட்டுக்குள்ள வந்ததும் ஒரே நேரம். அவங்க மேல போனப்ப வராண்டாவெல்லாம் மழையாக் கொட்டிட்டிருந்துச்சாம். தீ பாதி அதுலயே அணைஞ்சிருச்சாம். அந்த ஆபீசர் எங்கிட்ட, 'இவ்வளவு நல்லா வேலை செய்யுதே, இதை ஏம்மா பூட்டி வெச்சிருந்தீங்க?'ன்னு கேட்டாரு. திட்டல. நெஜமாவே தெரியாமக் கேக்கற மாதிரி கேட்டாரு. நான் மினிட்ஸ் புக்கை நீட்டுனேன். அவர் வாங்கல.

ஜெரோம் ஹால்ல கெடந்தாரு. குப்பி இருந்த எடத்துக்கு நேர் கீழ. ஒடம்பு பூரா நனைஞ்சிருந்துச்சு. தண்ணி வந்திருக்குது. வந்தப்ப அவர் இல்ல.

டீச்சர் ஆட்டோவுல வந்து எறங்குனாங்க. பூசையில போனை சத்தமில்லாம வெச்சிருந்திருக்காங்க. நாலு மிஸ்டு கால். இந்த கேட்டுக்கிட்டத்தான் நின்னாங்க. அழல, கத்தல. கையில பைபிளும் ஒரு பொட்டலமும். தம்பிக்கு சமோசான்னா உசிராம், ஞாயித்துக்கிழமை திரும்பறப்ப வாங்கிட்டு வருவாங்களாம். கேட்டுலயே ஒரு மணி நேரம் நின்னாங்க. சேர் போட்டோம், உக்காரல.

பொறவு போலீசு, கேசு. என்மேல, ஆறுச்சாமி மேல, அசோசியேஷன் பிரசிடெண்ட் மேல. ஜாமீன்ல இருக்கறோம். ஆறுச்சாமிக்கு வேலை போச்சு. கோர்ட்டுல என்னையப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறான். அவனை நான் எப்படி நடத்தியிருக்கேன் தெரியுமா? தீபாவளிக்கு எங்கூட்டுக்காரருக்கு எடுக்கற துணியிலதான் அவனுக்கும் எடுப்பேன். கை தூக்குன இருபத்தொம்பது பேரும் இப்ப, 'செகரட்டரி சொன்னாங்க, நாங்க என்ன கண்டோம்'ங்கறாங்க. அவங்கதான் புதுசா கமிட்டி போட்டு, வால்வைத் தொறந்து வெச்சுப் பூட்டி, மாசாமாசம் போட்டோ எடுத்து குரூப்புல போடறாங்களாம். நல்லது. போடட்டும்.

ரெண்டு மாசம் கழிச்சு நான் டீச்சரைப் பாக்கப் போனேன். யாரும் போகச் சொல்லல, நானாத்தான். சிந்தாமணி பக்கம் அவங்க தோழி ஒருத்தவங்க வீட்டு மாடியில ஒரு ரூம்ல இருந்தாங்க. ஆப்பிள் வாங்கிட்டுப் போனேன். உள்ள கூப்பிட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. நான் பேசிட்டே இருந்தேன். கட்டட வேலை எப்படி நடக்குது, வீட்டுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம், வாடகைக்கு விட்டா நல்ல ஆளா நான் பாத்துத் தர்றேன், அப்படின்னு. அவங்க கேட்டுட்டே இருந்தாங்க.

பொறவு, 'அக்கா, போலீஸ் எனக்கு போன் லிஸ்ட் காட்டினாங்க. அவன் கடைசியா உங்களுக்குத்தான் பேசியிருக்கான். ரெண்டரை நிமிஷம். என்ன சொன்னான்?'ன்னாங்க.

அந்த மூஞ்சியப் பாத்துட்டு நெஜத்தைச் சொல்ல முடியுங்களா? நீங்களா இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டீங்க. ஆறுதலா ஏதாச்சும் சொல்லோணும்னு தோணுச்சு. அவங்க சாமி நம்பிக்கை உள்ளவங்க. அதனால, 'பயப்படவே இல்லீங்க டீச்சர். அமைதியாத்தான் பேசுனாரு. ஜெபம் பண்ணிட்டிருக்கேன்க்கான்னு சொன்னாரு'ன்னேன்.

டீச்சர் என் தண்ணி டம்ளரை எடுத்து ஓரமா வெச்சாங்க.

'அவன் ஆக்சிடெண்ட் ஆன நாள்லேர்ந்து ஜெபம் பண்ணினதில்லைக்கா. பத்தொன்பது வருஷம். அதனாலதான் ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுல இருப்பான், நான் மட்டும் போவேன்'ன்னாங்க.

கோபமாச் சொல்லல அம்மிணி. கோபமாச் சொல்லியிருந்தா நானும் ஏதாச்சும் பேசியிருப்பேன். எந்திரிச்சு ஆப்பிள் பையை எடுத்து என் கையில குடுத்தாங்க. 'படி செங்குத்தா இருக்கும், பாத்து இறங்குங்க'ன்னாங்க. நான் எறங்குனேன். கதவை உடனே சாத்தல. நான் கடைசிப் படி எறங்கற வரைக்கும் மேல நின்னு பாத்துட்டிருந்தாங்க, நான் விழுந்துடக் கூடாதுன்னு.

நான் நல்லதுக்குத்தானே சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்ல வேண்டாம்.

அதோ வாட்ச்மேன் வர்றான், லிஃப்ட்டும் சரியாயிருச்சு. போயி வீட்டைப் பாருங்க. மேற்கு ஜன்னலைத் தொறந்து பாருங்க, மலை தெரியும். பிடிச்சிருந்தா டீச்சர்கிட்டத்தான் நேர்ல பேசோணும், புரோக்கரை நம்பாதீங்க. தங்கமானவங்க. என்கூடப் பேசறதில்ல, அவ்வளவுதான். நான் போன் பண்ணுனா எடுக்கறதில்ல.

நீங்க பேசறப்ப அவங்க கேக்க மாட்டாங்க. ஒருவேளை கேட்டாங்கன்னா, கீழ உக்காந்திருந்த அந்தம்மா ஏதாச்சும் சொன்னாங்களான்னு கேட்டாங்கன்னா, குப்பி வெடிச்சிருச்சு, தண்ணி வரலைன்னு அவர் சொன்னாருன்னு சொல்லிருங்க. அது அவங்களுக்குத் தெரியட்டும். நான் வருதுன்னு பொய் சொன்னதையும் சொல்லிக்கங்க, பரவால்ல.

அதுக்கு அவர் 'சரிங்க்கா'ன்னாரே, அதை மட்டும் சொல்லாதீங்க அம்மிணி.